பட்டியலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்: சந்தையும் சமையலும், வாசகர் கேள்வி-பதில்

மார்கழி பிறந்ததிலிருந்து வரும் கடிதங்களில் முக்கால்வாசி சந்தையைப் பற்றியும் பொங்கல் காய்களைப் பற்றியுமே இருக்கின்றன. அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் பாளையங்கோட்டைக்காரி. காய் வாங்குவது மகாராஜநகர் உழவர் சந்தையில். பதில்களில் நெல்லைப் பக்குவம் தூக்கலாக இருக்கும்; உங்கள் ஊரில் என்ன விளைகிறதோ அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்கா, வாரம் முழுவதும் என்ன சமையல் என்று முதல் நாளே எழுதி, பட்டியலோடு உழவர் சந்தைக்குப் போகிறேன். பாதிக் காய் கிடைப்பதில்லை. கிடைப்பதும் விலை கூடுதலாக இருக்கிறது. கடைசியில் சூப்பர் மார்க்கெட்டில் போய் நிற்கிறேன். சந்தைக்குப் போவதே வீணோ?
(ஒரு வாசகி, தென்காசி)

வீணில்லை தங்கச்சி. பட்டியலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பட்டியல் மளிகைக் கடைக்குத்தான் பொருந்தும். துவரம் பருப்பு, சிறுபருப்பு, புளி, மிளகாய் வத்தல், தேங்காய், சின்ன வெங்காயம் எல்லாம் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். காயைப் பொறுத்தவரை, முதலில் வாங்குங்கள், என்ன சமைப்பது என்பதை அப்புறம் யோசியுங்கள்.

சந்தைக்குள் நுழைந்ததும் பையைத் திறக்காமல் ஒரு சுற்று வாருங்கள். எந்தக் காய் நாலைந்து கடைகளில் குவிந்து கிடக்கிறதோ, அதுதான் அந்த வாரத்துக் காய். விலைப்பலகையிலும் அதன் விலை இறங்கியிருக்கும். ஒரே ஒருவரிடம் ஒரு கூடை மட்டும் இருந்தால், அது இப்போதுதான் வரத் தொடங்குகிறது அல்லது முடியப்போகிறது. இந்த மார்கழியில் எங்கள் சந்தையில் அவரையும் மொச்சையும் வெள்ளைக் கத்திரியும் தடியங்காயும் (வெண்பூசணி) குவிகின்றன. நீங்கள் பட்டியலில் முருங்கைக்காயும் மாங்காயும் எழுதியிருந்தால் விலை கூடத்தான் செய்யும்.

சமையலைப் பதார்த்தத்தின் பெயரில் யோசிக்காமல் காயின் குணத்தில் யோசியுங்கள். தடியங்காய், சுரை, புடலை, பீர்க்கு போன்ற நீர்க்காய்கள் எல்லாமே சிறுபருப்புக் கூட்டுக்கு வளைந்துகொடுக்கும். தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டால் இன்று தடியங்காய், அடுத்த வாரம் புடலை. அரைப்பு அதேதான், காய்தான் மாறும். பச்சை மொச்சை, பச்சைத் துவரை மாதிரி மணியுள்ளவை கத்திரியோடு சேர்ந்து புளிக்குழம்பாகத்தான் பிறந்தவை. கிழங்குகளுக்குப் பொரியல். கடைசியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சினால் அவியல். மாங்காய் இருக்கும் மாதத்தில் அவியலுக்கு மாங்காய்ப் புளிப்பு, இல்லாத மாதத்தில் தயிர். நம் பாட்டிமார் ஏன் இரண்டு விதமாகவும் செய்தார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வாங்கியதை எந்த வரிசையில் தீர்ப்பது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். கீரை முதல் நாள். அவரை, வெண்டை, கத்திரி அடுத்த இரண்டு மூன்று நாள். வெட்டாத தடியங்காய், மஞ்சள் பூசணி, சேனை, சேம்பு எல்லாம் வாரக் கடைசிக்குக் காத்திருக்கும். இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் ஃபிரிட்ஜில் காய் அழுகுவது நின்றுவிடும்.

எங்கள் மாமியார் வீட்டில் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் படையல் இல்லை. ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவ ஒரு மணி நேரம் ஆகிறது. கையும் கறுத்துப்போகிறது. சுலபமான வழி உண்டா அக்கா?
(நெல்லைக்கு மருமகளாக வந்தவர், மதுரை)

இருக்கிறது. கத்தியைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

கிழங்கை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். மண் நெகிழ்ந்து அடியில் தங்கும். இரண்டு தண்ணீரில் அலசியபின் ஈரத்தோடு ஒரு சணல் சாக்குப் பையில் கொட்டி வாயை இறுக்கிக் கட்டுங்கள். துவைகல்லில், அது இல்லாத வீட்டில் சொரசொரப்பான தரையில், சாக்கைப் போட்டு இரண்டு கையாலும் முன்னும் பின்னுமாக அழுத்தி உருட்டுங்கள். நடுவில் இரண்டு தடவை தூக்கி லேசாகத் தட்டுங்கள். கிழங்கோடு கிழங்கும், கிழங்கோடு சாக்கும் உரசி, தோல் சுருள் சுருளாக வந்துவிடும். பிரித்துத் தண்ணீரில் கொட்டினால் தோல் மேலே மிதக்கும், வெள்ளைக் கிழங்கு அடியில் நிற்கும். குழிகளிலும் கணுக்களிலும் ஒட்டியிருப்பதை மட்டும் கத்தி முனையால் சுரண்டுங்கள். கையில் முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை அவ்வளவாகப் பிடிக்காது. சீவிய கிழங்கு தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும், வெளியில் வைத்தால் கறுத்துவிடும்.

சிலர் முதலில் வேகவைத்துப் பிறகு தோலை உரிப்பார்கள். கைவேலை குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறுகிழங்கில் வாங்கத்தக்கதே அந்த மண்மணம்தான். தோலோடு வேகவைத்தால் அந்த மணத்தில் பாதி தண்ணீரோடு போய்விடுகிறது. பொங்கலுக்காவது சாக்கில் தேய்த்துச் செய்து பாருங்கள்.

வாங்கும்போது கழுவிப் பளபளவென்று வைத்திருப்பதை விட்டுவிட்டு, மண் ஒட்டிய கிழங்காக எடுங்கள். நகத்தால் சுரண்டினால் தோல் சட்டென்று விலக வேண்டும். விலகினால் புதுசு. சுருங்கித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் தோண்டி நாளாகிவிட்டது. கோலிக்குண்டு அளவில் இருப்பது மலிவாகக் கிடைக்கும், ஆனால் தோல் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். எலுமிச்சையில் பாதி அளவு இருந்தால் பொரியலுக்கு இரண்டாக நறுக்கத் தோது.

பொரியல் மிக எளிது. மஞ்சளும் உப்பும் போட்டு, கிழங்கு மூழ்கும் அளவு தண்ணீரில் குழையாமல் வேகவையுங்கள். தேங்காய், சீரகம், வத்தல், இரண்டு பல் பூண்டு, இதைத் தண்ணீர் விடாமல் ஒன்றிரண்டாக அரைத்து வையுங்கள். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துச் சின்ன வெங்காயத்தை வதக்கி, கிழங்கைப் போட்டு, அரைப்பைச் சேர்த்துப் பச்சை வாடை போகக் கிளறினால் போதும். மல்லித்தூள், கரம் மசாலா எதுவும் வேண்டாம். போட்டால் உருளைக்கிழங்கு தின்ற மாதிரி ஆகிவிடும்.

தென்காசி மாவட்டத்துக் கடையம் பக்கம் இது நிறைய விளைகிறது. மார்கழியில் தொடங்கி மாசிவாக்கில் வரத்து ஓய்ந்துவிடும். மதுரையில் கிடைக்காவிட்டால் ஊருக்கு வரும்போது இரண்டு கிலோ வாங்கி, கழுவாமல், மண்ணோடு காற்றாட வையுங்கள், கெடாமல் இருக்கும்.

விலைப்பலகையில் எழுதிய விலைக்கே வாங்க வேண்டுமா? பேரம் பேசுவது தவறா? இன்னொன்று: எங்கள் ஊர்ச் சந்தையில் விவசாயி அல்லாத வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி)

ஐயா, இந்தப் பலகை விலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் புரிந்துகொண்டால் பேரம் பேச மனசு வராது.

உழவர் சந்தைத் திட்டத்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அப்போதைய முதல்வர் கருணாநிதி தொடங்கிவைத்தார். பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திரத்தின் ரைத்து பஜாரும் அதற்கு முன்மாதிரிகள். 2001-இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் களையிழந்து கிடந்ததும், 2006-க்குப் பிறகு மறுபடி உயிர்பெற்றதும் உங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். விவசாயியிடம் கடை வாடகை வாங்குவதில்லை, தராசும் இலவசம். விலையை நிர்ணயிக்க ஒரு கணக்கு உண்டு: மொத்த மார்க்கெட் விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு.

ஒரு பேச்சுக்குக் கத்திரிக்காய் மொத்த விலை கிலோ 30 ரூபாய், தெருக்கடையில் 42 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் 36 ரூபாய் அளவில் எழுதியிருப்பார்கள். வயல்காரருக்கு மொத்த மார்க்கெட்டைவிட 6 ரூபாய் கூடுதல், நமக்குத் தெருக்கடையைவிட 6 ரூபாய் மிச்சம். நமக்குரிய மிச்சத்தை முதலிலேயே கழித்துத்தான் பலகையில் எழுதுகிறார்கள். அதற்கு மேலும் நாம் கேட்கும் ஐந்து ரூபாய் அவருடைய அந்த 6 ரூபாயிலிருந்துதான் போகும். விடியும் முன்னே பறித்து, மூட்டை கட்டி, முதல் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருப்பவரிடம் அதைக் கேட்கலாமா? நான் கேட்பதில்லை. யாரையும் கேட்கச் சொல்லவும் மாட்டேன். விலை குறைவாகத்தான் வேண்டும் என்றால் பத்து, பதினொரு மணிக்கு மேல் போங்கள். மிஞ்சியதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று அவர்களே குறைத்துப் போடுவார்கள். கீரை மட்டும் அந்த நேரத்தில் நன்றாக இருக்காது.

இனி வியாபாரி விஷயம். விவசாயிக்குப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை உண்டு. அதைப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை. அட்டை இல்லாமலேயே கண்டுகொள்ளவும் வழி இருக்கிறது. ஒரு வயலில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று காய்தான் பறிப்புக்கு வரும். பெரிதும் சிறிதுமாக, ஒன்றிரண்டு வளைந்தும், பூச்சி கடித்தும் இருக்கும். பதினைந்து வகைக் காய், எல்லாம் ஒரே அளவில் அடுக்கியிருந்தால் யோசியுங்கள். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் மாதிரி மலைக்காய்களை இதில் சேர்க்காதீர்கள். அவை வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

எனக்குத் தெரிந்த நல்ல சோதனை ஒரு கேள்விதான்: "அடுத்த வாரம் என்ன கொண்டுவருவீங்க?" வியாபாரி "எது வேணும், சொல்லுங்க" என்பார். வயல்காரர் யோசித்துத்தான் பதில் சொல்வார். எங்கள் சந்தையில் நான் வழக்கமாகக் கத்திரி வாங்கும் அம்மா சொன்னது: "கத்திரி இன்னும் ரெண்டு பறிப்புதான் இருக்குக்கா, அதுக்குப் பெறவு வெண்டைதான் பாத்துக்கிடுங்க. பொங்கலுக்குத் தேவைன்னா இப்பமே சொல்லி வையிங்க." செடியின் வயது தெரிந்தவர் பேசுகிற பேச்சு அது. சந்தேகம் உறுதியானால் சந்தை அலுவலகத்தில் நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ச் சண்டை போட்டால் பக்கத்துக் கடை விவசாயிக்குத்தான் அன்றைய வியாபாரம் கெடும்.

முருங்கைக்காய் இல்லாத சாம்பாரை என் வீட்டுக்காரர் தொடமாட்டார். இப்போது விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது.
(ஒரு வாசகி, விருதுநகர்)

மழையிலும் பனியிலும் முருங்கைப் பூ நிற்காமல் உதிர்ந்துவிடும். அதனால் மார்கழி, தையில் வரத்து குறைந்து விலை ஏறுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். பங்குனிக்குப் பிறகு கட்டுக்கட்டாக வரும். அதுவரை அவருக்கு இடிசாம்பார் வைத்துக் கொடுங்கள். மல்லி, வத்தல், கடலைப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், தேங்காய் எல்லாவற்றையும் அன்றன்றைக்கு வறுத்து இடித்து, அவரை, கத்திரி, தடியங்காய் போட்டு வைத்தால் அந்த மணத்தில் முருங்கைக்காயை யாரும் தேட மாட்டார்கள்.

அவரைக்காய் மட்டும் ஏன் பனிக்காலத்தில் இவ்வளவு ருசியாகவும் மலிவாகவும் கிடைக்கிறது? கோடையில் வாங்கினால் நார் மாதிரி இருக்கிறதே?
(கல்லூரி மாணவி, தூத்துக்குடி)

நல்ல கேள்வி. "ஆடி மாதம் அவரை போட்டால் கார்த்திகை மாதம் காய் காய்க்கும்" என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். அதற்குள் ஒரு தாவரவியல் உண்மை இருக்கிறது. பந்தலில் ஏறும் நாட்டு அவரை, பகல் நீளமாக இருக்கும் மாதங்களில் கொடியும் இலையுமாகவே வளர்ந்துகொண்டிருக்கும். பகல் குறுகத் தொடங்கிய பிறகுதான் பூ எடுக்கும். ஐப்பசியில் பூத்து, கார்த்திகையில் காய்க்கத் தொடங்கி, மாசி வரை கொட்டும். மொச்சையும் அதே இனம்தான். வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட, பந்தல் இல்லாமல் செடியாக நிற்கும் குத்து அவரை ரகங்கள் பகல் நீளத்தைப் பார்க்காமல் காய்ப்பவை. கோடையில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். வெயிலில் காய் சீக்கிரம் முற்றிவிடும், அதனால்தான் நார்.

பந்தல் அவரையை வாங்கும்போது தடவிப் பாருங்கள். மணி லேசாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும், புடைத்திருக்கக் கூடாது. ஓரத்து நாரை இரண்டு பக்கமும் உரித்துவிட்டு, பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, தேங்காய்ப்பூ தூவினால் ஐந்து நிமிட வேலை. முற்றிய அவரை பையில் வந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். மணியை மட்டும் உரித்துப் புளிக்குழம்பில் போடுங்கள்.

கீரை வாங்கி வந்த மறுநாளே வாடிப்போகிறது. எப்படி வைப்பது?
(ஒரு வாசகர், சாத்தூர்)

கழுவாமல், வேரை வெட்டாமல், ஈரம் பிழிந்த வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். அதற்கும் முன்னால், தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும் கட்டை வாங்காதீர்கள். நனைந்த இலை உள்ளுக்குள் அழுகத் தொடங்கியிருக்கும். உண்மையான பதில், கீரையை வாங்கிய அன்றைக்கே சமைத்துவிடுவதுதான்.

பிடிகருணை வாங்கினேன். மசியல் செய்து சாப்பிட்டதும் எல்லோருக்கும் தொண்டை அரிப்பு. புதிதாகப் பறித்தது என்று ஆசையாக வாங்கினேனே?
(ஒரு வாசகி, சங்கரன்கோவில்)

கருணையில் மட்டும் புதுசு நல்லதில்லை. காய்கறியில் நான் பழசைத் தேடி வாங்குவது இது ஒன்றைத்தான். கிழங்கில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகத் தொண்டையில் குத்துவதுதான் அரிப்பு. தோண்டிச் சில வாரம் காய்ந்த கிழங்கில் அது அடங்கியிருக்கும். வேகவைக்கும்போது அரிசி கழுவிய தண்ணீரும் ஒரு துண்டு புளியும் சேருங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தோல் உரித்து, நன்றாக மசித்து, மறுபடி புளிக்கரைசலில் கொதிக்கவிடுங்கள். கடைசியில் எலுமிச்சை பிழிய மறக்காதீர்கள். மிச்சக் கிழங்கு இருந்தால் பொங்கல் வரை தரையில் பரப்பி வையுங்கள்.

நெல்லையிலிருந்து வேலைக்காக ஓசூர் வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஒரே ஒரு குக்கர்தான் இருக்கிறது. சந்தையில் கால் கிலோ, நூறு கிராம் என்று கேட்கக் கூச்சம். வாங்கினாலும் ஒரு ஆளுக்கு என்ன சமைப்பது அக்கா?
(ஒரு தம்பி, ஓசூர்)

கூச்சமே வேண்டாம் தம்பி. காலையில் கொஞ்சம் சீக்கிரம் போய், ஒரே ஆளிடம் வாரா வாரம் வாங்குங்கள். மூன்றாவது வாரம் அவர்களே "தம்பிக்கு ரெண்டு கத்திரி, ஒரு பிடி அவரை" என்று எடுத்துப் போடுவார்கள். உழவர் சந்தை விவசாயிகளுக்குக் கால் கிலோ வாங்குகிறவர் சின்ன ஆள் இல்லை. திரும்பத் திரும்ப வருகிறவர்தான் அவர்களுக்கு வேண்டும்.

ஒரு குக்கர் போதும், உங்களுக்கு நம்மூர்க் கூட்டாஞ்சோறு இருக்கிறது. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடத் துவரம் பருப்பு. பருப்பை மட்டும் முதலில் அரை வேக்காடு வேகவையுங்கள். அரை மூடித் தேங்காயில் பாதி, ஒரு கரண்டி சீரகம், நாலு வத்தல், ஐந்தாறு சின்ன வெங்காயம், மஞ்சள் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். மிக்சி இல்லையென்றால் தேங்காயைத் துருவி, மற்றதைத் தட்டிப் போட்டாலும் சரி. கத்திரி, அவரை, வாழைக்காய், கேரட் என்று அந்த வாரம் கிடைத்ததில் மூன்று நான்கு காயைக் கொஞ்சம் பெரிதாக நறுக்குங்கள். ஓசூர்ப் பக்கம் பீன்ஸும் கேரட்டும் நன்றாகக் கிடைக்கும், தாராளமாகச் சேருங்கள். காய், அரிசி, அரைப்பு, உப்பு, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்த தண்ணீர் எல்லாவற்றையும் பருப்போடு சேர்த்து, சாதாரணச் சோற்றுக்கு வைப்பதைவிட ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாக ஊற்றி மூன்று விசில் விடுங்கள்.

திறந்ததும் சூட்டோடு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டுக் கிளறி, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். கீரை முதலிலேயே போட்டால் கறுத்துவிடும். நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, வடகம் இருந்தால் பொரித்து நொறுக்கிக் கலந்துவிடுங்கள். ஊரிலிருந்து வரும்போது அம்மாவிடம் வடகம் கேட்டு வாங்கி வாருங்கள். அப்படியே, உங்கள் வீட்டில் புளிக்குப் பதிலாக மாங்காய் போடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அது வீட்டுக்கு வீடு மாறும். மாங்காய் போடுகிற வீடு என்றால் சித்திரை வரை புளியை வைத்தே சமாளிக்க வேண்டியதுதான்.